அந்த ஷாஃப்ட் உடையவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன்னால், சித்திரை மாதம். பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் விருதுநகர். பக்கத்து டவுன்தான், பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆனாலும் பிறந்த வீட்டுக்குப் போகிறோம் என்றால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே மனதுக்குள் ஒரு தெம்பு வருமே, அந்தத் தெம்போடு நான் கடைசியாகப் போனது அந்தத் தடவைதான்.

அப்பாவுக்கு பஜாரில் இரும்புக் கடை. கம்பி, தகரம், ஆங்கிள், குழாய் என்று எல்லாம் இருக்கும். தம்பி என்னைவிட ரொம்ப இளையவன். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான் என்றே சொல்லலாம். காலேஜ் முடித்த கையோடு கடையில் உட்கார்ந்துவிட்டான். குடி, சீட்டு என்று ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கார் பைத்தியம் மட்டும் உண்டு. கொச்சியில் யாரோ ஓட்டி விற்ற வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தான். இரண்டே கதவு. தரையோடு தரையாக இருக்கும். எங்கள் தெரு வேகத்தடையில் ஏற்ற வேண்டுமென்றால் சாய்த்துச் சாய்த்து, நாலு பேர் குனிந்து பார்த்து வழி சொல்ல வேண்டும். அப்பா முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் கடைக்கு வருகிறவர்களிடம் அவரே அந்தக் காரைக் கைகாட்டிப் பெருமை பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் காரைப் பார்த்துக்கொண்டவன் தம்பியின் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. முஸ்லிம் பையன். ஷார்ஜாவில் இந்த மாதிரி வேகமான கார்களை மட்டும் வேலை பார்க்கிற ஒரு ஒர்க்ஷாப்பில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, திருச்சுழி ரோட்டில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டிருந்தான். தம்பியும் அவனும் ஒருத்தரை ஒருத்தர் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவனுக்கும் அக்காதான். சின்ன வயதில் எங்கள் வீட்டு அடுப்படியில் அவன் சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கணக்கில்லை. நோன்பு மாதம் வந்தால் அவர்கள் வீட்டுக் கஞ்சி தூக்குச் சட்டியில் எங்கள் வீட்டுக்கு வரும்.

நான் போயிருந்த சமயத்தில் காருக்கு ஷாஃப்ட் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஷாஃப்ட் என்றால், லாரிக்கு அடியில் நீளமாக ஒரு குழாய் சுற்றிக்கொண்டே போகுமே, அதுதான். முன்னால் இருக்கிற என்ஜின் சுற்றுவதைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோவது. தம்பியின் காரில் அது இரும்பில், இரண்டு துண்டாக, நடுவில் ஒரு பேரிங்கோடு இருந்தது. பேரிங் தேய்ந்துபோய், வேகம் எடுத்தால் வண்டி அதிர்ந்தது. பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் மெக்கானிக் சொன்னான். தம்பி கேட்கவில்லை. போனில் ராத்திரி பகலாக வீடியோ பார்த்துவிட்டு, கார்பன் ஃபைபரில் ஒரே துண்டாக வரும் ஷாஃப்ட்தான் வேண்டும், அதைப் போட்டால் மிதித்த மாத்திரத்தில் வண்டி பறக்கும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அது வெளிநாட்டில் இருந்து வந்து சேர்ந்தது. மாட்டுகிற அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு கேரியரோடு நானும் ஷெட்டுக்குப் போனேன். கன்னங்கரேல் என்று, நெசவுத் துணி மாதிரி இழை இழையாக, மேலே கண்ணாடிபோலப் பளபளப்பாக இருந்தது. கழற்றிப் போட்டிருந்த பழைய இரும்பு ஷாஃப்டை என்னால் லேசாக நகர்த்தத்தான் முடிந்தது. இதை ஒரு கையில் தூக்கிவிட்டேன்.

"இது உடைஞ்சாக்கூட இரும்பு மாதிரி ரோட்டுல குத்திக்கிட்டு நின்னு வண்டியப் புரட்டாது அக்கா. நாரு நாராப் பிஞ்சு போயிரும். ஆனா இதுக்கு அடிபடக் கூடாது. கல்லு பட்டாலோ வேகத்தடையில இடிச்சாலோ அன்னைக்கே என்கிட்ட கொண்டாந்து காட்டிரணும். இவன்கிட்டச் சொன்னா கேக்க மாட்டான், நீங்க சொல்லி வைங்க" என்றான் மெக்கானிக்.

"ஏலே, மாட்டுறதுக்கு முன்னாடியே உடைச்சுப் பேசுறியே" என்று தம்பி அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

இரண்டு பேரும் காருக்கு அடியில் பக்கம் பக்கமாகப் படுத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளே இருந்து பழைய வாத்தியார்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. சாயந்திரம் அவனே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சாவியைத் தம்பி கையில் கொடுத்தான். அதிர்வு சுத்தமாகப் போய்விட்டது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, வேலையை மனதாரச் செய்கிற யார் முகத்திலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

மறுநாள் காலை. "வாக்கா, திருச்சுழி கோயில் வரைக்கும் போயிட்டு வந்துருவோம். வெயில் ஏறுறதுக்குள்ள வந்துரலாம்" என்று தம்பி கூப்பிட்டான். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஏறிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் ரோடு வெறிச்சென்று நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுநடுவே பருத்தி பிடுங்கிய கரிசல். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், மிதித்தான். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. "போதும்டா, மெதுவாப் போ" என்றேன். "இன்னும் பாதிகூட மிதிக்கலக்கா" என்றான். ஒரு பஸ்ஸைத் தாண்டினான், ஒரு லோடு வேனைத் தாண்டினான். "தம்பி, வேணாம்டா" என்று நான் மறுபடி சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இடது பக்கம் ஒரு மண் பாதையில் இருந்து மொபெட் ஒன்று ரோட்டில் ஏறியது. அந்தப் பக்கத்து ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீருக்குக் குடங்களை மொபெட்டில் கட்டிக்கொண்டுதான் அலைவார்கள். அந்த மனுஷரும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்திருப்பார். ஆனால் இவ்வளவு சீக்கிரம் பக்கத்தில் வந்துவிடுவோம் என்று அவர் எப்படி நினைத்திருக்க முடியும்? தம்பி பிரேக்கை மிதித்தான். டயர் கிறீச்சிட்டது. வண்டியின் மூக்கு மொபெட்டின் பின்பக்கத்தை அடித்துத் தூக்கிவிட்டு, ரோட்டை விட்டு இறங்கிக் கருவேலம்புதருக்குள் போய் நின்றது.

எனக்கு நெற்றியில் லேசான காயம். தம்பிக்கு அதுவும் இல்லை. நான் இறங்கி ஓடினேன். அவர் ரோட்டில் கிடந்தார். வலது கால் இருக்கக் கூடாத விதத்தில் மடங்கிக் கிடந்தது. உடைந்த குடங்களில் இருந்து தண்ணீர் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. "தண்ணி... தண்ணி போச்சே" என்றுதான் அவர் முனகினார். காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தம்பிதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். பின்னால் வந்த பஸ்காரர்கள் இறங்கி, புதருக்குள் நிற்கிற காரின் பின்பக்கம் ரோட்டை மறைக்கிறது, ஓரங்கட்டுங்கள் என்றார்கள். தம்பி ஏறி ஸ்டார்ட் பண்ணி, ரிவர்ஸ் எடுத்து, ரோட்டின் மறுபக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். இறங்கி வந்து என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். "நான்தான்க்கா. நான்தான் வேகமா வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அந்த நிமிஷம் அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

அடிபட்டவர் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். காடு கரைகளில் கூலி வேலை. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். தொடை எலும்பு நொறுங்கியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் நான் கும்பிட்ட சாமிக்கெல்லாம் நன்றி சொன்னேன். இனி பட வேண்டியதைப் பட்டு, செய்ய வேண்டியதைச் செய்து, இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அன்றைக்குச் சாயந்திரம் வக்கீலுக்குப் படித்த சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரும் அப்பாவும் தம்பியும் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஸ்டேஷனுக்குக் காரை மறுநாள் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் அது எங்கள் கடைச் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் நின்றது.

மறுநாள் காலையில் அம்மா காபி போட்டுக் கொடுத்து, "தம்பி கிட்டங்கியில இருக்கான், குடுத்துட்டு வா" என்றாள். போகும்போதே இடிக்கிற சத்தம் கேட்டது. இரும்புக் கிட்டங்கியில் சத்தத்துக்கு என்ன குறை, கூலியாட்கள் கம்பி வெட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். கூலியாட்கள் யாரும் இல்லை. காரின் பின்பக்கம் தூக்கி இரும்புச் சட்டங்களின் மேல் நிறுத்தியிருந்தது. அதற்கு அடியில் தம்பி கடப்பாரையோடு படுத்திருந்தான். தலைக்கு மேலே அந்தக் கறுப்புக் குழாயைக் குத்திக் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தான். அப்பா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அது லேசில் உடையவில்லை. கடைசியில் பனை நார் பிரிகிற மாதிரி பிரிந்து தொங்கியது. தம்பி வெளியே வந்தான். கை, முழங்கை, கழுத்தெல்லாம் கறுப்புத் தூள். "என்னமோ குத்துதுக்கா. எரியுது" என்றான். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அவன் உள்ளங்கையிலும் விரலிலும் மயிரைவிட மெல்லிய கறுப்பு முட்கள் நூற்றுக்கணக்கில் இறங்கியிருந்தன.

நான் காபியைக் கீழே வைத்துவிட்டு, பர்ஸில் இருந்த ஊக்கை எடுத்து, அவன் கையை மடியில் வைத்து ஒவ்வொன்றாக நெம்ப ஆரம்பித்தேன். என்னடா செய்கிறாய் என்று கேட்கத் தோன்றுவதற்கு முன்னால் அவன் கை வலிதான் எனக்குத் தோன்றியது. கூடப்பிறந்த பாசம் என்பது அப்படித்தான் போலிருக்கிறது.

நான் கேட்காமலே அப்பா சொன்னார்: "புதுசா மாட்டுன சாமான் ஓடுறப்ப உடைஞ்சிருச்சு, அதுல வண்டி கட்டுப்பாடு இல்லாமப் போயிருச்சு. உன்னைய விசாரிச்சா அதத்தான் சொல்லணும்."

"மாட்டுனது யாருப்பா?" என்றேன்.

"தெரியாமயா பேசுறேன். அவன் என்னைக்கிருந்தாலும் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போற பய. நம்ம கடை இந்த ஊருல இருக்கணும். இவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகணும்."

"அவன் சும்மா இருப்பானா?"

"அவன் சொன்னா இந்த ஊருல யாரு நம்பப்போறா?" என்றார் அப்பா. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. கடையில் சரக்கு விலை சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து அந்தப் பையனின் தலையைத் தடவி 'சாப்டியாலே' என்று கேட்ட அதே அப்பா.

"அவன் உன் சேக்காளிடா" என்று தம்பியைப் பார்த்தேன். அவன் என் கையில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. வாசலில் மெக்கானிக் வந்து நின்றான். முதல் நாள் மதுரைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தவனுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. பைக்கைச் சரியாக ஸ்டாண்டுகூடப் போடாமல் ஓடி வந்தான். "அக்கா, உங்களுக்கு அடியா? நெத்தியில என்ன? அந்த அண்ணனுக்கு எப்படி இருக்கு? இவன் எங்க?" என்று படபடவென்று கேட்டான்.

அப்பா முன்னறையில் இருந்து வந்தார். அவனை உட்காரச் சொல்லவில்லை. "நீ மாட்டுன சாமான் உடைஞ்சு போச்சு தம்பி. ஓடுறப்பவே உடைஞ்சிருச்சு. போலீஸ்ல கேப்பாக, பதில் சொல்லிக்கோ" என்றார்.

அவனுக்கு முதலில் புரியவே இல்லை. "இருக்காதுப்பா. நான் ஓட்டிப் பாத்துட்டுத்தான குடுத்தேன். ஒரு நிமிஷம் வண்டியப் பாக்குறேன்" என்றான். எங்கள் அப்பாவை அவனும் அப்பா என்றுதான் கூப்பிடுவான். பார்க்க வேண்டாம், எல்லாம் ஸ்டேஷனில் பார்த்துக்கொள்வார்கள் என்றார் அப்பா.

அப்போது தம்பி பின்கட்டில் இருந்து வந்தான். கையைத் துண்டால் சுற்றியிருந்தான். கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தவன், இவனைப் பார்த்ததும் நின்றுவிட்டான். மெக்கானிக்கின் பார்வை தம்பியின் கழுத்துக்குப் போனது. திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருந்தது. அப்புறம் துண்டு சுற்றிய கைக்குப் போனது. அந்த வேலையிலேயே வருடக்கணக்கில் கிடந்தவனுக்கு அது என்ன அரிப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓடுகிற வண்டியில் உடைந்திருந்தால் அந்தத் தூள் தம்பியின் கைக்கு எப்படி வரும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் கண் கலங்கியதைத்தான் பார்த்தேன்.

"ஊக்கு கீக்கு வச்சு நோண்டாத மாப்ள, உள்ள ஒடிஞ்சுக்கிரும். பார்சல் ஒட்டுற டேப்ப ஒட்டி உரிச்சு எடு. வந்துரும். சுடுதண்ணி ஊத்திராத" என்றான்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். பைக் சத்தம் தெரு முனையைத் தாண்டியது. தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். என் வாழ்க்கையில் எத்தனையோ வசவு கேட்டிருக்கிறேன். அந்த நாலு வார்த்தையைப் போல எதுவும் என்னைச் சுட்டதில்லை.

சாயந்திரமே அவனை ஸ்டேஷனுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, "என்னம்மா இது" என்று மட்டும் எங்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டு நின்றார்கள். அம்மா, "எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆம்பளைக பாக்குற விஷயம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா கெட்டவள் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

மறுநாள் என்னை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டார்கள். விருதுநகரில் இருந்து என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். பருப்பு மில்லில் வேலை பார்க்கிற, யாரிடமும் அதிர்ந்து பேசாத மனுஷர். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "உனக்கு என்ன தோணுதோ சொல்லு. எதச் சொன்னாலும் நாந்தான் உன்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்றார்.

ஸ்டேஷனில் எதிரில் அப்பாவும் வக்கீல் உறவினரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக ஒரு பெஞ்சில் மெக்கானிக். முதல் நாள் சட்டையோடே இருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் இருந்து எதையும் அவன் எதிர்பார்க்கவில்லை என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"அந்த ஷாஃப்ட் உடையல சார்" என்றேன். "என் தம்பி வேகமா வந்தான். நான் வேணாம்னு சொன்னேன். இடிச்சதுக்கு அப்புறம் அவனே வண்டிய ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் எடுத்து ஓரமா நிறுத்துனான். பஸ்ல வந்தவுக எல்லாரும் பாத்தாக. அது உடைஞ்சிருந்தா பின் சக்கரம் எப்படி சார் சுத்தும்? மறுநாள் காலையில கிட்டங்கியில வச்சு உடைச்சாங்க. நான் பாத்தேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என்னைத் தாண்டி வெளியே போனார். அதற்கப்புறம் இன்றைக்கு வரைக்கும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மெக்கானிக்கை அனுப்பிவிட்டார்கள். தம்பி மேல் கேஸ் பதிவானது. அது இன்னும் கோர்ட்டில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

பிள்ளைகளின் துணிமணியை எடுக்க வீட்டுக்குப் போனேன். எல்லாம் ஒரு பையில் கட்டி வாசலுக்கு வெளியே வைத்திருந்தது. அம்மா ஜன்னல் வழியாகத்தான் பேசினாள். "கூடப் பொறந்தவன ஸ்டேஷன்ல காட்டிக் குடுத்துட்டியே. பொறந்த வீடு வேணாம்னு ஆயிருச்சா உனக்கு?" "அம்மா, அவன் கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் யாராவது ஒருத்தருக்காவது நல்லது நடக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அதுவும் நான் நினைத்த மாதிரி நடக்கவில்லை.

சில நாள் கழித்து மெக்கானிக்கைப் பார்க்க அவனுடைய ஷெட்டுக்குப் போனேன். சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். போலீஸ் விட்டுவிட்டதே தவிர, ஊர் விடவில்லை. 'பாய் மாட்டின சாமான் உடைஞ்சு ஆள் அடிபட்டுருச்சாம்' என்ற பேச்சு முதல் நாளே பரவிவிட்டது. அது பொய் என்ற பேச்சு யார் வாயிலும் ஏறவில்லை. விட்டிருந்த வண்டிகளைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய முதலாளியிடமே வேலை கேட்டிருக்கிறேன், ஷார்ஜாவுக்குப் போறேன் என்றான்.

"எனக்காக நீங்க உங்க வீட்ட இழந்துருக்க வேணாம் அக்கா" என்றான்.

"உனக்காக மட்டும் சொல்லலடா" என்றேன்.

"நீங்க சொன்னதால நான் வீட்டுக்கு வந்தேன். அத மறக்க மாட்டேன். ஆனா அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்லா இருந்துருக்கும். நீங்க சொல்லி என்ன? அவன் சொல்லலியே" என்றான். உட்காரச் சொல்லி டீ வாங்கித் தந்தான். இரண்டு பேரும் குடித்தோம்.

அடிபட்டவர் மதுரையில் இருந்து வீடு திரும்பிய பிறகு அவரையும் போய்ப் பார்த்தோம், நானும் வீட்டுக்காரரும். கட்டிலில் கிடந்தார். கால் சேர்ந்துவிட்டது, ஆனால் குட்டையாகச் சேர்ந்துவிட்டது. இனிமேல் குனிந்து நிமிர்ந்து காட்டு வேலை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அவருடைய மனைவி எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் யார் என்று சொன்னேன். ஸ்டேஷனில் சொன்னதையும் சொன்னேன். ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "வேகமா வந்து இடிச்சாகளோ, சாமான் உடைஞ்சு இடிச்சாகளோ, அது உங்க வீட்டு வழக்கு தாயி. எங்களுக்கு எதுன்னா என்ன? எங்க வீட்டுக்காரவுக நடக்கணும். அதுக்கு ஏதாச்சும் சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தலை நிமிரவில்லை.

தம்பியை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். விருதுநகரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து ஏதாவது சொல்வான் என்று இலையில் கை வைக்காமல் காத்திருந்தேன். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. பாயசம் பரிமாறுவதற்கு முன்னாலேயே அவன் எழுந்து போய்விட்டான்.

கல்யாணமாகி வந்த வருடத்தில் இருந்து பொங்கலுக்குப் பொங்கல் என் பிறந்த வீட்டில் இருந்து கரும்பும் மஞ்சள் கொத்தும் பானையும் பச்சரிசியும் வரும். தம்பிதான் கொண்டு வருவான். இந்த இரண்டு வருடமாக வரவில்லை. போன பொங்கலுக்கு முதல் நாள் என் வீட்டுக்காரர் மில்லில் இருந்து வரும்போது ஒரு கட்டுக் கரும்பைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று, "என்ன, அம்மா வீட்டுப் பொங்கப்படி வந்துருச்சா?" என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான், "ஆமாக்கா, வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் அப்பாவின் முகத்துக்கு நேராக உண்மையைச் சொன்னவள், ஒரு கட்டுக் கரும்புக்காக வாசலில் பொய் சொன்னேன். இன்னொரு தடவை அதே ஸ்டேஷனில் அதே கேள்வியைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று யாராவது என்னிடம் சொல்ல வந்தால், அவர்களுக்கு எந்த வீட்டுக் கதவும் சாத்தப்படவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.